கன்னியாகுமரி மாவட்டப் பேருந்துப் பணியாளரின் பணிநேரமும் ஓய்வும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசுப் பேருந்துகளை இயக்கும் ஓட்டுநர், நடத்துநர் ஆகியோரின் அன்றாடப் பணிநேரம், கட்டாய மிகைநேரப் பணி, வார ஓய்வு ஆகியவற்றை இக்கட்டுரை விவரிக்கிறது. இவை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தால் வரையறுக்கப்பட்டு வந்தன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. எத்தனை மணிநேரம் உழைக்கலாம், கூடுதல் உழைப்புக்கு எவ்வளவு ஊதியம் என்பனவற்றை இரு சட்டங்களும் விரிவாகக் கூறுகின்றன. ஆனால் தொழிலாளி தன் ஓய்வு நாள் எது என்பதை எவ்வளவு முன்னதாக உறுதியாக அறிய வேண்டும் என்பதை இரண்டும் தெளிவாகக் கூறவில்லை. பேருந்துத் தொழிலின் பெரும்பாலான மனக்குறைகளுக்கு இந்த இடைவெளியே காரணம் எனலாம்.

பின்னணி

தென்திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டுக் கன்னியாகுமரி மாவட்டமாயின. இவற்றுள் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களே நாஞ்சில் நாடு எனப்படுகின்றன. இப்பகுதியில் அரசுப் பேருந்து இந்த இணைப்புக்கு 18 ஆண்டுகள் முற்பட்டது. திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையை 1938 பெப்ரவரி 20 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்தார். இலண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர் அதன் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். அத்துறை முதலில் எடுத்துக்கொண்ட தடம் திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரிச் சாலையாகும். இன்றும் மாவட்டத்தின் நெரிசலான தடங்களுள் இதுவும் ஒன்று.

இணைப்புக்குப் பின் இச்சேவைகள் சென்னை மாநில நிருவாகத்தின் கீழ் வந்தன. 1974-இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் உருவாக்கப்பட்டது. 1980-களில் அதிலிருந்து பிரிந்து நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட கழகத்திற்கு, தெற்கெல்லைப் போராட்டத் தலைவர் மார்சல் நேசமணியின் (1895-1968) பெயர் சூட்டப்பட்டது. 1997-இல் தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது இப்பெயரும் நீங்கியது. பெயரும் தலைமையிடமும் பலமுறை மாறியபோதும், நாகர்கோவில் இராணித்தோட்டம் பணிமனை மாவட்டப் பேருந்து நிருவாகத்தின் மையமாக நீடித்து வருகிறது.

2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 18,70,374. பரப்பளவு ஏறத்தாழ 1,684 சதுர கிலோமீட்டர். ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்வதாலும், மாணவர்களும் அரசு ஊழியர்களும் மிகுதி என்பதாலும் காலை, மாலை வேளைகளில் பேருந்துத் தேவை பன்மடங்காகிறது. மேற்கே களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கும், வடக்கே கோதையாறு, பேச்சிப்பாறை, கீரிப்பாறை போன்ற மலையடிவார ஊர்களுக்கும், தெற்கே கடற்கரைச் சிற்றூர்களுக்கும் பேருந்துகள் செல்கின்றன. தடத்தின் தன்மைக்கேற்பப் பணியின் தன்மையும் மாறுபடுகிறது.

பணி முறைகள்

பணியாளர் பேச்சில் ஒரு நாள் வேலை "டூட்டி" எனப்படும். குறிப்பிட்ட ஒரு தடத்தில் தொடர்ந்து செல்பவர், நிலையான தடமில்லாமல் வராதவருக்குப் பதிலாக அனுப்பப்படுபவர் என இரு வகையினர் உள்ளனர். இரண்டாம் வகையினர் "ஸ்பேர்" எனப்படுவர். தடம் உடையவர் தம் நாளை ஓரளவு முன்கூட்டியே அறிவார். "ஸ்பேர்" பணியாளரோ பணிமனைக்குச் சென்ற பின்னரே எந்த ஊருக்குச் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை அறிவதுண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இந்நிலையிலேயே தொடங்குகின்றனர்.

ஒரு பணி முடிந்தவுடன், அடுத்த பணிக்குரியவர் வராத நிலையில், வந்தவரே தொடர்ந்து வண்டியை எடுப்பது "டபுள் டூட்டி" எனப்படும். இதைக் கூடுதல் வருவாய்க்காக விரும்பி ஏற்பவரும் உண்டு, மறுக்க இயலாமல் ஏற்பவரும் உண்டு. ஒரே மனிதர் பிள்ளைகளின் கல்விக் கட்டணம் செலுத்தும் மாதத்தில் முதல் வகையிலும், வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும் மாதத்தில் இரண்டாம் வகையிலும் அடங்கக்கூடும். எனவே மிகைநேரத்தைப் பணியாளர் வரவேற்கிறார்களா வெறுக்கிறார்களா என்னும் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது.

காலை நெரிசலுக்கு ஒருமுறை, மாலை நெரிசலுக்கு ஒருமுறை எனப் பணியை இரண்டாகப் பிரிப்பதும் உண்டு. தாள்கணக்கில் இது எட்டு மணிநேரம்தான். ஆனால் பணிமனையிலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவில் வீடு உள்ளவர் இடைப்பட்ட நேரத்தில் வீடு சென்று திரும்ப இயலாது. அவர் ஓய்வறையிலோ நிறுத்தப்பட்ட வண்டியிலோ அந்நேரத்தைக் கழிக்கிறார்.

மலையடிவார ஊர்களிலும் உட்கிடையான சிற்றூர்களிலும் கடைசி நடை வந்த வண்டி இரவு அங்கேயே தங்கி, விடியலில் முதல் நடையாகப் புறப்படும். இதனை ஊரார் "ஸ்டே பஸ்" என்பர். விடியற்காலையில் வேலைக்கும் சந்தைக்கும் செல்பவர்களுக்கு இவ்வண்டி இன்றியமையாதது. அதை ஓட்டுபவருக்கு இது வீட்டில் உறங்காத ஓர் இரவாகும்.

1961-ஆம் ஆண்டுச் சட்டம்

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட மோட்டார்ப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு இச்சட்டம் பொருந்தியது. அதன் 13-ஆம் பிரிவு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரம்பிட்டது. நெடுந்தொலைவுத் தடங்களிலும், விழா முதலிய சிறப்பு நாள்களிலும், உரிய அதிகாரியின் ஒப்புதலுடன் நாளொன்றுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை நீட்டிக்கலாம். வண்டி பழுதடைதல், போக்குவரத்துத் தடை, இயற்கைச் சீற்றம் ஆகியவற்றுக்குத் தனி விலக்கு இருந்தது. விழா நாள்களை இச்சட்டம் பெயர் சொல்லியே விலக்கில் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. பிறர் விடுமுறை கொண்டாடும் நாளே பேருந்துப் பணியாளருக்கு நீண்ட நாள் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர்.

பணிநேரம் என்பதன் வரையறை பலரும் அறியாத ஒரு நுட்பத்தைக் கொண்டது. வண்டி ஓடும் நேரம் மட்டுமன்றி, கணக்கு ஒப்படைத்தல், பணம் செலுத்துதல், பதிவேட்டில் கையொப்பமிடுதல், வண்டியை எடுத்தல், நிறுத்துதல் போன்ற துணைப்பணிகளும் பணிநேரத்தில் அடங்கும். ஆனால் முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே கணக்கில் சேரும். வடசேரிப் பேருந்து நிலையத்தில் 14 நிமிடம் நின்றால் அது பணி. 20 நிமிடம் நின்றால் அது பணியன்று. ஒரு நாளில் நான்கு முறை இருபது நிமிடம் காத்திருப்பவர் 80 நிமிடத்தை இழக்கிறார். அந்நேரத்தில் அவர் வண்டியை விட்டு அகல முடியாது, பயணிகளின் கேள்விகளுக்கும் விடை கூற வேண்டும். துணைப்பணி, வெறும் காத்திருப்பு என்னும் பாகுபாடு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1939-ஆம் ஆண்டு 67-ஆம் உடன்படிக்கையிலும் காணப்படுகிறது.

இவ்வாறு கணக்கில் வராத நேரம் எல்லையின்றி நீளாதிருக்க 16-ஆம் பிரிவு உதவியது. பணி தொடங்கியது முதல் முடிவது வரை, இடைவேளைகளையும் சேர்த்து, 12 மணிநேரத்துக்கு மேல் செல்லக்கூடாது. காலை 5.30-க்குக் கையொப்பமிட்டவர் மாலை 5.30-க்குள் விடுவிக்கப்பட வேண்டும். 17-ஆம் பிரிவின்படி ஒரு நாள் பணியை இரண்டு துண்டுகளுக்கு மேல் பிரிக்கக்கூடாது. 15-ஆம் பிரிவு ஐந்து மணிநேரத் தொடர் பணிக்குப் பின் குறைந்தது அரைமணி ஓய்வையும், ஒரு நாள் பணி முடிவுக்கும் மறுநாள் பணித் தொடக்கத்துக்கும் இடையே குறைந்தது தொடர்ச்சியான ஒன்பது மணிநேர ஓய்வையும் கட்டாயமாக்கியது.

இந்த ஒன்பது மணிநேரத்தை "ஸ்டே பஸ்" அட்டவணையுடன் பொருத்திப் பார்க்கலாம். முதல் நடை காலை 5.30 எனில் முந்தைய இரவின் கடைசி நடை 8.30-க்குள் முடிந்திருக்க வேண்டும். கடைசி நடை இரவு 10.30-க்கு ஊர் சேர்ந்தால், அதே பணியாளர் காலை 7.30-க்கு முன் வண்டியை எடுக்கக்கூடாது. அந்நேரத்தில் பள்ளி செல்லும் மாணவர் வண்டியில் இருந்தாக வேண்டும் என்பதால், அட்டவணை இடுபவர் கடைசி நடையை முன்னதாக்க வேண்டும், அல்லது மாற்றுப் பணியாளரை அனுப்ப வேண்டும். எனவே ஊராரின் இரவுநேரப் பேருந்துக் கோரிக்கையும் பணியாளரின் உறக்கமும் ஒரே எண்ணில் மோதுகின்றன.

மிகைநேரத்துக்கும், ஓய்வு நாளில் செய்யும் பணிக்கும் வழக்கமான விகிதத்தைப் போல் இருமடங்கு ஊதியம் தரப்பட வேண்டும் என்றது 26-ஆம் பிரிவு. ஒரு மணிநேர ஊதியத்தை ஓர் அலகாகக் கொண்டால், எட்டு மணிநேரப் பணிக்கு 8 அலகும், பத்து மணிநேரப் பணிக்கு 12 அலகும் கிடைக்கும். 240 நாள் பணியாற்றியவருக்கு அடுத்த ஆண்டில் இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் உண்டு.

வார ஓய்வும் பத்து நாள் விதியும்

ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பது பொது விதி. ஆயினும் 19-ஆம் பிரிவின்படி, சேவை தடைப்படாதிருக்க ஓய்வு நாளிலும் தொழிலாளியைப் பணிக்கு அழைக்கலாம். இடையில் ஒரு முழுநாள் ஓய்வின்றித் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் பணியாற்றும்படி மட்டும் செய்யக்கூடாது. 1-ஆம் தேதி ஞாயிறு ஓய்வு பெற்றவரை 2 முதல் 11 வரை தொடர்ந்து பணிக்கு அழைத்து, 12-ஆம் தேதி வியாழக்கிழமை ஓய்வு தரலாம். 8-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கென அவர் திட்டமிட்டிருந்த திருமணமோ, மருத்துவமனைச் சந்திப்போ, ஆலய வழிபாடோ வியாழனுக்கு நகராது. சட்டம் மீறப்படவில்லை, ஓய்வும் கிடைத்துவிட்டது, ஆனால் அது வேண்டிய நாளில் கிடைக்கவில்லை.

இழந்த ஓய்வுக்கு ஈடாக அதே மாதத்திலோ அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ ஒரு நாள் தரப்பட வேண்டும் என்றது 20-ஆம் பிரிவு. எந்த நாள் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கு வெளிப்படையாகத் தரப்படவில்லை. ஒவ்வொரு நாளின் பணிநேரத்தையும் காட்டும் அறிவிப்பை நிறுவனம் காட்சிப்படுத்த வேண்டும் என 18-ஆம் பிரிவு கூறியது. ஓய்வு நாள் திரும்பப் பெறப்படும்போது எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது அச்சட்டத்தில் இல்லை.

ஓய்வு நாள் எவ்வாறு மறைகிறது

ஓய்வு நாள் பறிபோவதை மேற்பார்வையாளர் ஒருவரின் குணமாகக் காண்பது எளிது. ஆனால் அதன் வேர் ஆள்கணக்கில் உள்ளது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் இதை விளக்கலாம். பேருந்து ஆண்டின் 365 நாளும் ஓடுகிறது. ஒரு தொழிலாளிக்கு 52 வார ஓய்வும், எல்லா வகை விடுப்புகளும் சேர்ந்து 30 நாளும் எனக் கொண்டால், அவர் 283 நாள் பணிக்குக் கிடைப்பார். 365-ஐ 283-ஆல் வகுத்தால் 1.29 வருகிறது. அதாவது நாள்தோறும் 100 பணிகளை நடத்த 129 பேர் தேவை.

அவ்விடத்தில் 115 பேரே இருப்பதாகக் கொள்வோம். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு 100 பணிக்கு 15 பேர் மிகையாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் 115 பேர் ஆண்டில் தரக்கூடிய பணிநாள்கள் 32,545, தேவை 36,500. பற்றாக்குறை 3,955 பணிகள், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 11. இவற்றை நிரப்பும் வழிகள் மூன்றே: நடைகளை நிறுத்துதல், "டபுள் டூட்டி" வழங்குதல், ஓய்வு நாளைத் திரும்பப் பெறுதல். பற்றாக்குறை முழுவதையும் ஓய்வு நாளிலிருந்தே ஈடுகட்டினால் ஒவ்வொருவரும் ஆண்டில் 34 ஓய்வு நாள்களை இழக்க நேரிடும். 52-இல் எஞ்சுவது 18. பத்து நாள் விதியைக் கடைப்பிடித்தால் இவ்வளவு இழப்பு இயலாது. ஆகவே ஒரு பகுதி "டபுள் டூட்டி"யாகவும், ஒரு பகுதி நிறுத்தப்பட்ட நடைகளாகவும் வெளிப்படும். சிற்றூரில் பேருந்து வராத நாளும், ஓட்டுநர் வீட்டுக்கு வராத நாளும் ஒரே கணக்கின் இரு விடைகள்.

ஓய்வுபெற்றோரின் இடங்கள் நிரப்பப்படாதபோது இவ்விகிதம் மெல்லக் குறைகிறது. ஒருவர் திடீரென விடுப்பு எடுத்தால் அதன் சுமை அன்று ஓய்வில் இருப்பவர் மீது விழுகிறது. அவர் களைத்து மறுவாரம் விடுப்பு எடுத்தால் அது வேறொருவர் மீது விழும். விடுப்பு விண்ணப்பம் மறுக்கப்படும் எனக் கருதுபவர் விண்ணப்பிக்காமலேயே வராமலிருக்கத் தலைப்படுகிறார். இதனால் அட்டவணை மேலும் நிலைகுலைகிறது.

விழாக்களும் மழையும்

இம்மாவட்டத்தின் நாள்காட்டி மேற்கண்ட சிக்கலைப் பெரிதாக்குகிறது. இந்து, கிறித்தவ, இசுலாமிய விழாக்களுடன், கேரளத் தொடர்பால் ஓணமும் இங்கு கொண்டாடப்படுகிறது. நவம்பர் இறுதியில் தொடங்கி திசம்பர் 3-இல் நிறைவுறும் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் தேரோட்டம், கிறித்துமசு, பொங்கல், தை அமாவாசை என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்கு வருவதால் கூட்டம் தணிவதில்லை.

மாசி மாதம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் கொடை, சாமித்தோப்பில் மாசி 20 அன்று வைகுண்டர் அவதார நாள், பன்னிரு சிவாலயங்களுக்கு ஓடிச் சென்று வழிபடும் சிவாலய ஓட்டம் ஆகியன பெரும்பாலும் இம்மாதத்தை ஒட்டி வருகின்றன. நாஞ்சில் நாட்டின் இரண்டாம் போகமான கும்பப்பூ அறுவடையும் இக்காலத்ததே. வீட்டில் சிறிது வயல் வைத்திருக்கும் ஓட்டுநர் ஒருவருக்கு அறுவடைக்கும் கொடைக்கும் விடுப்பு தேவைப்படும் வாரத்தில்தான் சிறப்புப் பேருந்துகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படும் நாள் அவருக்குச் சிறப்புப் பணி அறிவிக்கப்படும் நாளாக அமைகிறது.

மழை வேறு வகையானது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டையும் பெறும் இம்மாவட்டத்தில் மரம் விழுதலும் சாலை துண்டிக்கப்படுதலும் புதியனவல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கடந்தபோது மாவட்டமெங்கும் மரங்கள் சாய்ந்து சாலைகளும் மின்சாரமும் முடங்கின. இத்தகைய நாள்களில் பணிநேர வரம்புகளைச் சட்டமே தளர்த்துகிறது. இதனைப் பணியாளர் பொதுவாக ஏற்கின்றனர். ஆண்டுதோறும் தேதி தெரிந்து வரும் விழாவுக்கும் முந்தைய நாள்தான் ஓய்வு நீக்கம் சொல்லப்படுவது ஏன் என்பதே அவர்கள் எழுப்பும் கேள்வி.

சமாளிக்கும் முறைகள்

பணியாளர் தமக்குள் கைக்கொள்ளும் முறைகளில் முதன்மையானது பணிமாற்றம். ஒருவர் மற்றவரின் விழா நாளில் பணியேற்று, தமது விழா நாளில் அவரைப் பணியேற்கச் செய்கிறார். கிறித்துமசு அன்று இந்துப் பணியாளரும், கோயில் கொடையன்று கிறித்தவப் பணியாளரும் மாறிக்கொள்வது பல்சமய மாவட்டமான இங்கு இயல்பாக அமையக்கூடிய ஏற்பாடு. இதற்கு நேரக்காப்பாளரின் இசைவும் பதிவேட்டில் முறையான பதிவும் தேவை. வாய்மொழியாகச் செய்த மாற்றத்தில் ஒருவர் வராது போனால், பட்டியலில் பெயர் உள்ளவரே விடை கூற வேண்டியிருக்கும்.

இரண்டாவது, சொந்தக் குறிப்பேடு. பணி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காத்திருந்த நேரம், இழந்த ஓய்வு நாள் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வருபவரே ஈட்டு ஓய்வை இரண்டு மாதத்துக்குள் எழுத்தால் கேட்க முடிகிறது. கோராமல் விடப்படும் ஈட்டு ஓய்வு எளிதில் மறக்கப்படுகிறது. நேரம் தவறாமல் எழுதும் பழக்கம் நடத்துநரிடம் ஏற்கெனவே உண்டு என்பதால் இது பெரும் சுமையன்று.

உறக்கம் பற்றியும் கூற வேண்டும். மனித உடலில் விழிப்புநிலை பின்னிரவு 2 முதல் 6 மணிக்குள் மிகத் தாழ்கிறது. தேநீர், வெற்றிலை, உரத்த பாட்டு ஆகியன இதைச் சிறிது நேரம் மறைக்குமேயன்றி மாற்றா. விடியற்காலைப் பணிக்கு முன் மாலையிலேயே உறங்குதல், பிளவுப் பணியின் இடைவேளையில் இருபது முப்பது நிமிடம் கண்ணயர்தல் ஆகியன பயன் தருவன. பணிமனை ஓய்வறையில் மின்விசிறியும் தூய்மையான கழிப்பறையும் இருப்பதைப் பாதுகாப்பு ஏற்பாடாகவே கருத வேண்டும்.

குடும்பத்தின் பங்கு பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து உணவு கட்டித் தருபவரும், பள்ளிக் கூட்டத்துக்கும் மருத்துவமனைக்கும் தனியே செல்பவரும் ஓட்டுநரின் மனைவியோ தாயோ ஆவர். தேதி உறுதியாகாத வாழ்க்கையில் வீட்டு நிகழ்ச்சிகளை அவர்களே ஏற்று நடத்துகின்றனர். இந்த உழைப்புக்கு எவ்விகிதத்திலும் மிகைநேர ஊதியம் கிடையாது.

போராட்டங்களும் ஒப்பந்தங்களும்

தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஊதியமும் பணிநிலைமைகளும் தொழிற்சங்கங்களுடனான முத்தரப்பு ஒப்பந்தங்களால் முடிவு செய்யப்படுகின்றன. தொ.மு.ச., சி.ஐ.டி.யு., அண்ணா தொழிற்சங்கப் பேரவை, ஏ.ஐ.டி.யு.சி. முதலியன இத்துறையில் இயங்கும் சங்கங்கள். 2018 சனவரி 4 முதல் 11 வரை ஊதிய உயர்வை முன்னிறுத்தி மாநிலமெங்கும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. உயர்நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் அது முடிவுக்கு வந்தது. 2024 சனவரி 9, 10 நாள்களில் நடைபெற்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் காலிப் பணியிடங்களை நிரப்புவதும் ஒன்றாக இருந்தது. மேலே காட்டிய ஆள்கணக்கை நோக்கினால், இக்கோரிக்கை வேலைவாய்ப்பு பற்றியது மட்டுமன்று, வேலையில் இருப்பவரின் ஓய்வு நாள் பற்றியதும் ஆகும் என்பது விளங்கும்.

பணிநேரம் குறித்த விவாதம் போக்குவரத்தோடு நின்றுவிடவில்லை. தொழிற்சாலைகளில் 12 மணிநேர வேலைநாளுக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து அது திரும்பப் பெறப்படுவதாக அதே ஆண்டு மே 1 அன்று அறிவிக்கப்பட்டது.

2025-க்குப் பின்

நாடாளுமன்றம் 2019, 2020 ஆண்டுகளில் நிறைவேற்றிய நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 1961-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை நீக்கி அவற்றின் பொருளைத் தன்னுள் அடக்கியது. எட்டு மணிநேர நாள், ஆறு நாள் வாரம், மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியம் ஆகியன தொடர்கின்றன. ஆண்டு விடுப்புக்கான தகுதி 240 நாளிலிருந்து 180 நாளாகக் குறைந்தது. மிகைநேரப் பணிக்குத் தொழிலாளியின் இசைவு தேவை என வெளிப்படையாகக் கூறப்பட்டிருப்பது முக்கியமான மாற்றம். "டபுள் டூட்டி"யை மறுப்பவருக்கு இது சட்டப் பற்றுக்கோடாக அமையக்கூடும். எனினும் மோட்டார்ப் போக்குவரத்துக்கான பத்து நாள் விதி அச்சட்டத்தின் 26-ஆம் பிரிவில் ஏறத்தாழ அவ்வாறே இடம்பெற்றுள்ளது.

பிற நாடுகளில்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1919-ஆம் ஆண்டு முதல் உடன்படிக்கை எட்டு மணிநேர நாளை வகுத்தபோது, அன்றைய பிரித்தானிய இந்தியாவுக்கு மட்டும் 60 மணிநேர வாரம் எனத் தனி விதி தந்தது. சாலைப் போக்குவரத்துக்கான 1979-ஆம் ஆண்டின் 153-ஆம் உடன்படிக்கை, நான்கு மணிநேரத்துக்கு மேல் இடைவேளையின்றி ஓட்டுதலைத் தடுப்பதுடன், நாளொன்றுக்கு ஒன்பது மணிநேர ஓட்டுதலையும் குறைந்தது பத்து மணிநேரத் தொடர் ஓய்வையும் வரையறுக்கிறது. இந்தியா இதனை ஏற்புறுதி செய்யவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 ஒழுங்குவிதி நாலரை மணிநேர ஓட்டுதலுக்குப் பின் 45 நிமிட இடைவேளையைக் கட்டாயமாக்குகிறது. ஆயினும் 50 கிலோமீட்டருக்கு உட்பட்ட தடங்களில் ஓடும் வழக்கமான பயணிகள் பேருந்துகளுக்கு அது பொருந்தாது. இக்கட்டுரையில் கூறப்பட்ட தடங்களில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் அடங்குவன.

முன்னறிவிப்பு தனியொரு சட்டப் பொருளாக அண்மைக் காலத்திலேயே உருவெடுத்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோ நகரம் 2014-இலும், ஒரிகன் மாநிலம் 2017-இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. ஒரிகனில் பெரிய சில்லறை வணிக, உணவக, விடுதி நிறுவனங்கள் பணி அட்டவணையை முதலில் 7 நாளும், 2020 சூலை முதல் 14 நாளும் முன்னதாக எழுத்தில் தர வேண்டும். அதன்பின் நேரத்தை மாற்றினால், மாற்றத்துக்கென்றே தனி இழப்பீடு வழங்க வேண்டும். பேருந்துப் பணியாளர் இச்சட்டத்தின் வரம்பில் இல்லை.